வலையில் சிக்கிய இரண்டு நீர்க்காகங்கள்: கரை சேர்ந்த பிறகான மணி நேரங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றவை. அவற்றைச் சுற்றிப் பழையாற்றுப் பாசனத்தில் சிறிதும் பெரிதுமாக ஏராளமான குளங்கள் உள்ளன. பலவற்றில் மீன் குத்தகை நடக்கிறது. இந்த நிகழ்வு நடந்ததும் அப்படியொரு குத்தகைக் குளத்தில்தான், ஒரு ஜனவரி மாதக் காலையில்.

முந்தைய நாள் மாலை தாமரைக் கொடிகளுக்கும் மடைக்கும் நடுவே தங்கூஸ் எனும் மெல்லிய நைலான் இழை வலை விரிக்கப்பட்டிருந்தது. தண்ணீருக்குள் இந்த இழை கண்ணுக்குத் தெரியாது. கொண்டை நீர்க்காகங்கள் தனித்தனியாக மீன் பிடிப்பவை அல்ல. கூட்டமாக இறங்கி, மீன் திரளை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு முக்குளிக்கும். ஒன்று வலையில் மோதினால் பின்னால் வருவதும் மோதும். காலை 6.10 மணிக்கு வலை பார்க்க வந்த ஆள் கண்டது மூன்று பறவைகளை: வலையின் அடிப்பகுதியில் மூழ்கி இறந்த ஒரு முக்குளிப்பான், மிதவைக் கயிற்றை ஒட்டித் தலை நீருக்கு மேல் இருந்ததால் உயிரோடிருந்த இரண்டு கொண்டை நீர்க்காகங்கள். அவ்விரண்டையும் இங்கே 'முதல் பறவை', 'இரண்டாம் பறவை' என்று குறிப்பிடுகிறோம்.

ஒரே வலை, ஒரே இனம், ஏறத்தாழ ஒரே எடை. முதல் பறவை அன்று முற்பகலிலேயே இறந்தது. இரண்டாவது பிழைத்துப் பறந்தது. வலையில் பட்ட பாட்டில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு தெரிந்தது கரைக்கு வந்த பிறகுதான். இதைப் பதிவு செய்வதற்குக் காரணமும் அதுவே.

நீருக்குள் உடலில் நடப்பது

தானாக முக்குளிக்கும் பறவைக்கும் பிடித்து அமுக்கப்பட்ட பறவைக்கும் உடல் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கட்டாயமாக நீரில் அமிழ்த்தப்பட்ட பறவைகளிலும் பாலூட்டிகளிலும் இதயத் துடிப்பு வெகுவாகக் குறைவதையும், ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் மட்டும் ஒதுக்கப்படுவதையும் 1940இல் ஷோலாண்டர் விரிவாகக் காட்டினார். பின்னாளில் சுதந்திரமாக முக்குளிக்கும் பறவைகளின் உடலில் கருவி பொருத்திப் பார்த்தபோது துடிப்பு அந்த அளவுக்கு இறங்கவில்லை. எப்போது மேலே வரலாம் என்று தெரிந்து இறங்கும் பறவைக்கு அவ்வளவு சிக்கனம் தேவைப்படுவதில்லை.

வலையில் மாட்டிய பறவையோ கட்டாயமாக அமிழ்த்தப்பட்ட வகை. தசைகள் ஆக்சிஜன் இல்லாமல் உழைக்கின்றன, லாக்டிக் அமிலம் அவற்றில் சேருகிறது, மூச்சு கிடைத்ததும் அது ரத்தத்தில் இறங்குகிறது. ஆகவே கரையில் எடுத்து வைத்த பறவை அசையாமல் கிடந்தால் அது அமைதியாக இருக்கிறது என்று பொருளல்ல.

இதன் மேல்தான் ஹார்மோன் எதிர்வினை ஏறுகிறது. ஆபத்தை உணர்ந்த சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. அடுத்து மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிகோஸ்டிரோன் ரத்தத்தில் ஏறுகிறது. மனிதருக்குக் கார்ட்டிசோல் செய்யும் வேலையைப் பறவைகளுக்கு இது செய்கிறது. பிடிபட்ட நேரத்திலிருந்து சுமார் 3 நிமிடம் வரை ரத்தத்தில் இதன் அளவு பெரிதாக மாறாது. அதன் பிறகு ஏறத் தொடங்கி, பொதுவாக 30 முதல் 60 நிமிடத்தில் உச்சம் தொடும். தூண்டல் நின்றுவிட்டால் கார்ட்டிகோஸ்டிரோனே மூளைக்குத் திரும்பிச் சென்று சுரப்பை அடக்கும். தூண்டல் தொடர்ந்தால் அளவு இறங்காது. சர்க்கரையை உயர்த்தித் தப்பிக்கத் தெம்பு தரும் அதே ஹார்மோன், மணிக்கணக்கில் உயர்ந்தே நின்றால் தசைப் புரதத்தைக் கரைக்கத் தொடங்கும். நாட்கணக்கில் நின்றால் நோய் எதிர்ப்பைக் கெடுக்கும்.

எனவே மீட்பவர் கேட்க வேண்டியது 'இந்தத் தூண்டலை எந்த நிமிடத்தில் நிறுத்தினோம்' என்பதுதான்.

கரையில் நடந்தது

முதல் பறவையை 6.25க்கு வரப்பில் வைத்தார்கள். நீர்க்காகம் வளைந்த நுனி அலகால் கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும். பயந்த ஒருவர் கையிலிருந்த ரப்பர் பேண்டை எடுத்து அலகைச் சுற்றிக் கட்டினார். கோழிக்கோ கொக்குக்கோ இது தொந்தரவு மட்டுமே. நீர்க்காகத்துக்கு உயிருக்கே ஆபத்து. வளர்ந்த நீர்க்காகத்துக்கு வெளிமூக்குத் துளை அடைபட்டிருக்கும். அது மூச்சு விடுவது வாய்வழியேதான். பாம்புத்தாராவுக்கும் இதே அமைப்பு. தசையெல்லாம் ஆக்சிஜனுக்கு ஏங்கிய நேரத்தில் இந்தப் பறவைக்கு வாயோரத்து இடுக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

கையில் இருந்தது பாதி உடைந்த ஒரு பிளேடு. இழை இறக்கையின் அடியில் சிறகுத் தண்டுகளுக்குள் புகுந்து இறுகியிருந்தது. பறவையை ஒருவர் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் இழையை ஒவ்வொன்றாக அறுத்தார். நெஞ்சை அழுத்திப் பிடித்ததும் தீங்குதான். பறவைகளுக்கு உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே வரும். அவ்வழியே பள்ளிக்கும் வேலைக்கும் போனவர்கள் நின்று பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். இழை முழுவதும் நீங்க 6.50 ஆனது. அவ்வளவு நேரமும் மனித முகங்கள் பறவையின் கண்ணுக்கு ஓர் அடி தூரத்தில் இருந்தன.

இரண்டாம் பறவைக்கு நேர்ந்தது வேறு. பிளேடு ஒன்றுதான் என்பதால் அதை வலைச் சுருளோடு சேர்த்தே தூக்கி, பனைமர நிழலில் வைத்து, தலை உட்பட முழுவதும் ஒரு பருத்தித் துண்டால் மூடியிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கவனிப்பின்மையே அதற்கு நன்மையானது என்பது எங்கள் கருத்து.

7.05க்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த பறவை ஆர்வலர் ஒருவர் வந்தார். முதல் வேலையாக ரப்பர் பேண்டை வெட்டினார். முதல் பறவை வாயை அகலத் திறந்து மூச்சிழுத்தது. வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் ஊதா கலந்திருந்தது. கண் பாதி மூடிய நிலை. தொண்டைப்பை துடித்தது. நீர்க்காகம் வெயிலில் வெப்பம் தணிக்கவும் தொண்டைப்பையை அசைக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து அவர் முடிவுக்கு வரவில்லை. குளிர்ந்த காலையில், நனைந்த உடலோடு, ஊதா நிற வாயோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் நிலைமை மோசம் என்று தெரிந்தது. துண்டைச் சற்றே விலக்கியபோது இரண்டாம் பறவையின் நீலப்பச்சைக் கண் முழுவதும் திறந்திருந்தது. கையை நோக்கித் தலையைத் திருப்பியது.

முதல் முடிவு: அப்போதே விடுவதில்லை

"தண்ணியில விட்டாப் போரும் அக்கா, அது பாட்டுக்குப் போயிரும்" என்றார் வலை பார்க்க வந்தவர். அன்றாடம் நீரோடு வாழ்பவரின் இயல்பான எண்ணம் அது, இரக்கத்தில் சொன்னது. ஆனால் ஆர்வலர் மறுத்தார். நீர்க்காகத்தின் வெளிச்சிறகு எப்போதுமே ஓரளவு நனையும். அதனால்தான் அது இறக்கையை விரித்துக் காயவைக்கிறது. தோலை ஒட்டிய உள்ளடுக்குதான் நனையாமல் காப்பது. இழை அறுத்த இடங்களில் சிறகின் நுண்கொக்கிகள் பிரிந்து, நூல் கலைந்த துணிபோல உள்ளடுக்குக்கு வழி திறந்திருந்தது. அந்த நிலையில் நீரில் விட்டால் குளிர்ந்து, கனத்து, தாமரைக் கொடியில் சிக்கி மூழ்கும். யாரும் பார்க்காததால் அது பிழைத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வோம்.

ஒரு வீட்டிலிருந்து மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்தார்கள். அதையும் அவர் பக்குவமாகத் தவிர்த்தார். நீர்ப்பறவையின் சிறகில் படும் எண்ணெய், சிறு புள்ளியளவே ஆனாலும், நீர் புகும் ஓட்டையாகிவிடும்.

இரண்டாம் பறவையின் இழைகளைத் தலையை மூடிய நிலையிலேயே, ஒருவர் பிடிக்க ஒருவர் வெட்ட, பேச்சில்லாமல், வளைந்த சிறு கத்தரியால் அகற்றினார்கள். 4 நிமிடத்தில் முடிந்தது. உடலைச் சுற்றிய பெரிய இழைகளை மட்டும் வெட்டி, சிறகுக்குள் புதைந்த துண்டுகளை அப்படியே விட்டதால்தான் அவ்வளவு விரைவு. புதைந்தவற்றை மருத்துவமனையில் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் இழை மட்டுமே அவசரம்.

இரண்டையும் தனித்தனி அட்டைப்பெட்டியில் வைத்தார்கள். அடியில் மடித்த துண்டு, பக்கவாட்டில் கீழ்ப்பகுதியில் துளைகள். துளை மேலே இருந்தால் பறவை வெளிச்சத்தை நோக்கி எம்பி அலகைக் காயப்படுத்திக்கொள்ளும். பெட்டியின் மேல் பேனாவால் எழுதியவை: கண்ட நேரம், கரைக்கு எடுத்த நேரம், பெட்டியில் அடைத்த நேரம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி காட்டுப்பறவையை யாரும் தம்மிடம் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே வனத்துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அவர்கள் சொன்னபடி ஒரு வனக்காப்பாளரின் துணையோடு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். ஆட்டோவில் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். 7.50க்குச் சேர்ந்தார்கள்.

மருத்துவமனையில்

வந்ததும் இரண்டையும் மேசையில் எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை மருத்துவர் அன்று மாற்றினார். பெட்டியோடு எடை போட்டு, அதே அளவு காலிப்பெட்டியின் எடையைக் கழித்தார். முதல் பறவை 640 கிராம், இரண்டாவது 690 கிராம். பிறகு இரண்டாம் பெட்டியை இருண்ட, ஆளில்லாத அறையில், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து 40 நிமிடம் தொடாமல் விட்டார். தொட்டால்தான் சிகிச்சை என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் ஆழப் பதிந்தது, பெட்டியை மூடிவைத்துக் காத்திருப்பது கடினம். ஆனாலும் அழுத்த ஹார்மோன் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும் பறவையை மறுபடி கையில் எடுப்பது அடுத்த அலையைக் கிளப்புவதே.

முதல் பறவைக்குக் காத்திருக்க நேரமில்லை. பெட்டிக்குள்ளேயே குழாய்வழி ஆக்சிஜன் செலுத்தினார். முகமூடி வைக்கப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் பெட்டியே கூண்டானது. வெப்பநிலை 38.2 டிகிரி செல்சியஸ். நீர்க்காகத்துக்கு 40–41 இயல்பு.

உதவியாளர் டெக்சாமெத்தசோன் ஊசியை எடுத்து வைத்தார். அதிர்ச்சியில் வரும் விலங்குக்கு 'டெக்சா' போடுவது பல இடங்களில் பழக்கம். மருத்துவர் வேண்டாம் என்றார். இந்த நிகழ்வில் மற்றவர் கற்க வேண்டிய முதன்மையான முடிவு இதுவென்று கருதுகிறோம். டெக்சாமெத்தசோனும் கார்ட்டிகோஸ்டிரோனும் ஒரே குடும்பம். பறவை தன் உடலில் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருப்பதன் பல மடங்கு வீரியமுள்ள வடிவத்தை மேலும் ஏற்றுகிறோம். பறவைகள் ஸ்டீராய்டுக்கு மிகவும் இளகியவை, எதிர்ப்பாற்றல் சட்டென்று சரியும். அடைத்து வைத்த நீர்ப்பறவைகளைக் கொல்வதில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்குப் பெரும்பங்கு உண்டு. நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் அது பிடிக்க வழி திறந்துவிடுவது இந்த ஊசி. வலிக்கு, நீர்ச்சத்து ஏறிய பிறகு, குறைந்த அளவில் மெலோக்சிகாம் போதும் என்று முடிவானது. நீர்ச்சத்து வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால்தான் 'பிறகு'. பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த டைக்ளோஃபினாக் எனும் வலிமருந்து கால்நடைப் பயன்பாட்டுக்கு 2006 முதலே தடை என்பதால் அதன் பேச்சே எழவில்லை.

8.30க்கு இரண்டாம் பறவையைத் துண்டில் சுற்றி, தலையின் பின்புறம் பற்றி, கண்ணை மூடி, 5 நிமிடத்துக்குள் பார்த்தார்கள். பிடித்தவர் கண்ணாடி அணிந்திருந்தார். வெப்பநிலை 39.0. இடது இறக்கை அடியில் தோல் கீறல். எலும்பு முறிவு இல்லை. 38 டிகிரிக்குச் சூடாக்கிய ரிங்கர் லாக்டேட் எனும் உப்புக் கரைசல் 20 மி.லி., தொடையும் உடலும் சேரும் மடிப்பில் தோலுக்கடியில். கிலோவுக்குச் சுமார் 30 மி.லி. என்ற கணக்கு. முதல் பறவைக்கும் அதே கணக்கில் 18 மி.லி. கொடுத்தார்கள். வாய்வழி எதுவும் ஊற்றவில்லை. தலை தொங்கும் பறவைக்கு வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்கே போகும்.

ஹார்மோனை அளப்பதா?

வனக்காப்பாளர் கேட்ட கேள்வி நியாயமானது: ரத்தம் எடுத்து அழுத்த ஹார்மோனை அளந்துவிட்டால் என்ன? அளவைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. பறவையின் உடல் எடையில் 1 சதவீதத்துக்கு உட்பட்ட ரத்தம், அதாவது 690 கிராமுக்கு 6.9 மி.லி. வரை, நலமான பறவையிடம் எடுக்கலாம். ஹார்மோனுக்குத் தேவை அதில் சிறு துளி. ஆனால் 3 நிமிட எல்லை எப்போதோ தாண்டிவிட்டது. வலையில் மாட்டிய நேரமே தெரியாது. கிடைக்கும் எண் 'உயர்ந்திருக்கிறது' என்று மட்டும் சொல்லும், அது பார்த்தாலே தெரிவது. ஆராய்ச்சிக்காக எடுப்பதானால் தனி அனுமதி வேண்டும். அலாஸ்காவின் குக் வளைகுடாவில் கில்லெமாட் எனும் முக்குளிக்கும் கடற்பறவைகளிடம் கார்ட்டிகோஸ்டிரோனை அளந்து இரைப் பற்றாக்குறையைக் கண்டறிய முடிந்தது என்றால், அங்கே பிடித்த உடனேயே ரத்தம் எடுத்து, பல ஆண்டுகள் ஒப்பிட்டார்கள் என்பதே காரணம். தனியொரு பறவையின் தனியொரு எண்ணுக்கு அந்தப் பொருள் வராது.

ஆகவே ஹார்மோன் சோதனை கைவிடப்பட்டது. சிகிச்சைக்காகக் குத்திய இடத்தில் வந்த ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் பூசி வெள்ளணுக்களை மட்டும் எண்ணினார்கள். அழுத்தம் மணிக்கணக்கில் நீடித்தால் ஹெட்டிரோஃபில் என்ற வெள்ளணு வகை கூடி, லிம்ஃபோசைட் என்ற வகை குறையும். முதல் பறவையின் சில்லில் ஹெட்டிரோஃபில் தெளிவாக மிகுந்திருந்தது. மனிதருக்கான சர்க்கரைக் கருவியைப் பயன்படுத்தவில்லை, பறவை ரத்தத்தில் அது குறைத்துக் காட்டும்.

இரண்டாம் பறவையின் எச்சத்தை நேரம் எழுதிய குப்பிகளில் உறையவைத்தார்கள். எச்சத்தில் தெரிவது அந்த நேரத்து ஹார்மோன் அல்ல, சில மணி நேரம் முந்தையது. ஐதராபாத்தின் லாக்கோன்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் பாதுகாப்புக்கான ஆய்வகம்) போன்ற ஆய்வகங்களில் இவ்வகைச் சோதனைக்கு வசதி உண்டு. ஆனாலும் இந்த இனத்துக்கென்று சோதனையைச் சரிபார்த்த பிறகே முடிவை நம்பலாம் என்பதால் குப்பிகளை அனுப்பவில்லை.

விளைவு

முதல் பறவை 10.20க்கு இறந்தது. உடற்கூறாய்வில் நுரையீரல்கள் ரத்தம் தேங்கிக் கருஞ்சிவப்பாக இருந்தன. மூச்சுக்குழலில் நுரை கலந்த சிறிதளவு நீர். தொடைத் தசையில் வெளிறிய கோடுகள், அளவு மீறிய போராட்டத்தில் தசை சிதைவதற்கான அடையாளம். இரைப்பையில் சில உருண்டைப் புழுக்கள் இருந்தன. நீர்க்காகங்களில் அவை சாதாரணம், சாவோடு தொடர்பில்லை. திசுவை நுண்ணோக்கியில் பார்க்கவில்லை. மூச்சுக்குழலில் புகுந்த நீர், மூச்சடைப்பு, தசைச் சிதைவு மூன்றும் சேர்ந்த மரணம் என்று மருத்துவர் எழுதினார். ஹார்மோன் மட்டுமே கொன்றது என்று சொல்ல இரண்டு பறவைகள் போதாது. ஆனால் அந்த மூன்றையும் தாங்க வேண்டிய உடலுக்கு இளைப்பாறவே இடம் கிடைக்கவில்லை என்பதை நேரக்குறிப்பு காட்டுகிறது.

இரண்டாம் பறவைக்கு மதியம் ஒரு துண்டு மீனைக் கையால் ஊட்ட முயன்றார்கள். உடனே கக்கிவிட்டது. நீர்க்காகம் மிரண்டால் கக்கும், பசியின்மை என்று அதைக் கொள்ளக்கூடாது. மாலையில் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் விரலளவு உயிர்க் கெண்டைகள் ஆறை விட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். முள் விறைத்த கெளுத்தியையும் ஜிலேபியையும் தவிர்த்தார்கள். காலையில் இரண்டு மீனே மீதி இருந்தது.

கூண்டில் தேங்காய் நார்க் கயிறு சுற்றிய தடித்த கட்டை ஒன்று வைத்திருந்தார்கள். வெறுந்தரையில் படுத்தால் நெஞ்செலும்பு மேட்டில் புண் வரும். புதைந்த இழைத் துண்டுகளை இரண்டு முறையாக, முறைக்கு 3 நிமிடத்துக்கு மேல் போகாமல் எடுத்தார்கள். அடுத்த நாள் சிமென்ட் தொட்டியில் 20 நிமிடம் நீந்தவிட்டுப் பார்த்தபோது இடது இறக்கை அடியில் மட்டும் தோல்வரை நனைந்தது. மேலும் ஒரு நாள் வைத்திருக்க அதுவே காரணம். அந்த ஒரு நாளில் பறவை அலகால் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எடுத்துத் தடவி, சிறகைத் தானே கோதிச் சரிசெய்தது. மறுசோதனையில் தோல் உலர்ந்தே இருந்தது.

விடுவித்தது விடியலில், அதே குளத்தின் வலையில்லாத மேல்கரையில், மற்ற நீர்க்காகங்கள் அடையும் கருவேல மரங்களுக்கு அருகில். இறக்கை காயவும் இரை தேடவும் முழுப்பகல் கிடைக்க வேண்டும் என்பதால் அந்த நேரம். குத்தகைக்காரர் அன்று வலையை முன்கூட்டியே தூக்கிவிட்டார். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துத் திறந்துவிட்டு எல்லோரும் விலகி நின்றார்கள். பறவை நடந்து நீரில் இறங்கி, சில நிமிடத்தில் முக்குளித்து, பிறகு கருவேலத்தில் ஏறி இறக்கையை விரித்தது. காலில் அடையாள வளையம் இடப்படாததால் பின்தொடர வழியில்லை.

மாற வேண்டியவை

குளக்கரைப் பம்பு அறையில் இப்போது ஓர் அட்டைப்பெட்டி, இரண்டு பழைய பருத்தித் துண்டு, முனை மழுங்கிய வளைந்த கத்தரி, பேனா ஆகியவை வைக்கப்பட்டுள்ளன. பெட்டியின் மேல் எழுதியிருப்பது இவ்வளவுதான்: தலையை மூடு, அலகைக் கட்டாதே, நெஞ்சை அழுத்தாதே, நேரம் எழுது. பிடிப்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், மற்றவர் பத்தடி தள்ளி. இரண்டு பறவை என்றால் இரண்டையும் முதலில் மூடிவிட்டுத்தான் ஒன்றை வெட்டத் தொடங்க வேண்டும்.

மருத்துவமனைத் தரப்பில், ஆக்சிஜன் குழாயைப் பெட்டிக்குள் விடும் ஏற்பாடு நிரந்தரமாக்கப்பட்டது. மூச்சுக்குழலில் நீர் புகுந்த சந்தேகம் உள்ள பறவைக்குத் தோலடி நீரை அதே கணக்கில் கொடுக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அடுத்த முறை பாதியாகக் குறைத்துத் தொடங்கலாம் என்பது மருத்துவரின் எண்ணம்.

வலை விஷயத்தில் குத்தகைக்காரர் ஒத்துக்கொண்டது அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இரவு வலையை விடியுமுன் தூக்குவது. கூட்டம் இறங்கும் காலைப் பொழுதில் நீரில் வலை இருக்காது. மீனும் நீர்க்காகம் கொத்தாமல் முழுசாகக் கிடைப்பதால் அவருக்கும் நட்டமில்லை. குளம் வற்றும் கோடை அறுவடையில் பகலிலும் வலை விழும், அதற்கு ஏற்பாடு எட்டப்படவில்லை. தாமரைக் கொடிகளில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைத் துண்டுகளைப் பூப்பறிப்பவர்கள் கண்ட இடத்தில் சுருட்டிக் கரைக்குக் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள். கிலோவுக்கு ஒரு தொகை கொடுப்பது பற்றிக் குத்தகைக்காரரோடு பேச்சு நடக்கிறது.